தகாமினே தந்த உயிர்மருந்து

அருவங்காட்டில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் எனக்குப் பொருளியலே துறை, மருத்துவம் அன்று. ஆயினும் கடந்த கோடையில் குளவி கொட்டி, உடலெங்கும் தடித்து, மூச்சுத் திணறிய என் ஏழு வயதுப் பேரனை, மருத்துவர் தொடையில் செலுத்திய ஓர் ஊசி சில நிமிடங்களில் மீட்டது. அட்ரினலின் எனும் அம்மருந்தைப் பிரித்தெடுத்தவரின் வாழ்வைத் தேடிப் படித்தேன்.

ஜோக்கிச்சி தகாமினே 1854இல் ஜப்பானின் தகாவோக்காவில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். வேதியியல் பயின்று, கிளாஸ்கோவில் மேற்படிப்பை முடித்துத் திரும்பி, தம் நாட்டில் சூப்பர் பாஸ்பேட் உரத் தொழிலுக்கு அடித்தளமிட்டார். 1890இல் அமெரிக்கா சென்றார். அரிசி மதுவைப் புளிக்கவைக்கும் ஜப்பானியப் பூஞ்சையைக் கொண்டு விஸ்கி வடிக்க அவர் மேற்கொண்ட முயற்சி, பியோரியா நகர ஆலை தீக்கிரையானதால் தடைப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. அதே பூஞ்சையிலிருந்து செரிமான நொதியைப் பிரித்து 1894இல் காப்புரிமை பெற்றார்.

1900இல் நியூயார்க்கின் சிறிய ஆய்வகத்தில், கால்நடைகளின் அட்ரினல் சுரப்பியிலிருந்து தூய படிகம் கிடைத்தது. அதைக் கைப்படப் பிரித்தவர் உதவியாளர் கெய்சோ உவெனாகா. காப்புரிமையிலோ தகாமினேயின் பெயர் மட்டுமே இடம்பெற்றது. உழைப்புக்கும் உடைமைக்கும் இடையிலான இந்த இடைவெளி பொருளியல் ஆசிரியனான என்னை உறுத்துகிறது. கடும் ஒவ்வாமையை பிரான்சின் ரிஷேயும் போர்ட்டியேவும் விவரித்து, அனாபிலாக்சிஸ் எனப் பெயரிட்டது 1902இல்தான். நோய்க்குப் பெயர் அமையுமுன்பே மருந்து வந்துவிட்டது. தகாமினே 1922இல் மறைந்தார்.

அவரது காப்புரிமை காலாவதியாகி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் மருந்துள்ள குப்பி இன்று மலிவானது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ளது. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம் மருத்துவர்கள் கணக்கிட்டு, தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்துகின்றனர். அரிப்புக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும், குழந்தையை எழுந்து நடக்கவிடுவதும் ஆபத்தானவை. குழந்தையைப் படுக்கவைத்து, மூச்சுத் திணறினால் உட்காரவைத்து, உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து மருத்துவமனை வரையிலான வளைவுச் சாலையில் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையது. தோட்ட மருந்தகங்களிலும் மலைக்கிராமச் சுகாதார நிலையங்களிலும் இந்தக் குப்பியும், தயங்காமல் அதையே முதலில் செலுத்தப் பயிற்சி பெற்ற செவிலியரும் எந்நேரமும் இருக்க வேண்டும். அதற்காகும் செலவு மிகச் சிறிது. என் பேரனுக்குக் கிட்டிய அந்தச் சில நிமிடங்கள், தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்கும் கிட்ட வேண்டும்.