புண்ணிகைத் தேரியார் சரித்திரம்

சாவத்தி நகரில் அநாதபிண்டிகர் இல்லத்து அடிமைப்பெண்ணின் மகளாய்ப் பிறந்தவர் புண்ணிகை. வசைக்கும் அடிக்கும் அஞ்சி, கடுங்குளிரிலும் ஆற்றிலிறங்கி நீர் சுமந்தார். ஒருநாள், பாவந் தொலைய அங்கே நடுங்கி மூழ்கிய பிராமணரைக் கண்டார். நீருக்கு அவ்வல்லமை உண்டாயின் தவளை, ஆமைகளுக்கே சுவர்க்கம் முந்துமென்று அஞ்சாது எடுத்துரைத்தார். தெளிந்த பிராமணர் ஆடையொன்றை நீட்ட, அதை மறுத்துத் தீவினை ஒழியுமாறு வேண்டினார். அவரும் திரிசரணம் அடைந்தார். எசமானர் இதையறிந்து அம்மையாரை விடுவிக்க, அவர் துறவேற்று அருகத நிலை எய்தினார்.

73 தேரியர் பாடல்கள் அடங்கிய தேரிகாதையில் இவ்வரலாற்றை அவரே பாடியுள்ளார். குடஞ் சுமந்தவர் வாக்கு திரிபிடகத்தில் நிலைத்தது. சித்தூர், திருப்பதிப் பௌத்த அன்பர்களே! எழுத்தறியாத நம் தாய்மார்க்கு அதனை வாசித்துக் காட்டுவீர்களாக. உயர்வு பிறப்பாலன்று, அறிவாலும் ஒழுக்கத்தாலுமே என்பதை அவர்கள் உணர்வார்கள்.