பரணித் திருநாள் லட்சுமி பாயி

பரணித் திருநாள் லட்சுமி பாயி (1848 - 1901) திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்த ராணியாக விளங்கியவர். ஆற்றிங்கல் மூத்த ராணி என்ற பட்டத்தைத் தாங்கியவர். மலையாளக் கவிஞரும் கேரள காளிதாசன் எனப் போற்றப்படுபவருமான கேரள வர்மா வலிய கோயித்தம்புரான் (பெப்ரவரி 19, 1845 - செப்டம்பர் 22, 1914) இவரது கணவர் ஆவார். 1875 ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாள், கேரள வர்மாவைக் கைது செய்து தலைநகரிலிருந்து அகற்றினார். அதன் பின்னர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இத்தம்பதியினர் பிரிந்து வாழ நேர்ந்தது. கணவரைக் கைவிட லட்சுமி பாயி மறுத்ததும், அப்பிரிவைக் கருவாகக் கொண்டு கேரள வர்மா மயூர சந்தேசம் என்னும் தூதுக் காவியத்தை இயற்றியதும் இவர்களது இல்வாழ்க்கையைப் பரவலாக அறியச் செய்தன.

பின்னணி

திருவிதாங்கூர் அரச குடும்பம் மருமக்கள் தாய முறையைப் பின்பற்றியது. இம்முறையில் மன்னரின் மகன் அரசுரிமை பெறுவதில்லை. மன்னருக்குப் பின் அவரது தம்பியும், அவருக்குப் பின் அவர்களது சகோதரியின் மகனும் அரியணை ஏறுவர். எனவே ராணி என்னும் சொல் இங்கு மன்னரின் மனைவியைக் குறிப்பதில்லை. மன்னரின் சகோதரி, மருமகள் முதலிய தாய்வழிப் பெண்களையே குறிக்கும். மன்னரின் மனைவி அம்மச்சி என அழைக்கப்பட்டார். எடுத்துக்காட்டாக, ஆயில்யம் திருநாளின் மனைவி கல்யாணிக்குட்டி அம்மச்சி நாகர்கோவில் அம்மவீட்டைச் சேர்ந்தவர். அவர் மன்னரின் துணைவியாக இருந்தபோதிலும் ராணி ஆகவில்லை.

ராணிகளின் கணவர்கள் கோயித்தம்புரான்கள் எனப்பட்ட குடும்பங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். இக்குடும்பங்களுள் பல, மலபாரின் பரப்பநாட்டிலிருந்து திருவிதாங்கூருக்கு வந்து குடியேறியவை. மூத்த ராணியின் கணவர் வலிய கோயித்தம்புரான் எனப்பட்டார். அவருக்கு மதிப்பும் மானியமும் இருந்தன. ஆட்சியில் உரிமை இல்லை. ராணியின் மக்களுக்கு அரசுரிமை தாய்வழியாகவே வந்தது. ஆகவே பெண் மகவு இல்லாமல் போனால் அரச மரபே அற்றுப்போகும் நிலை இருந்தது. அத்தகைய காலங்களில் உறவுக் குடும்பங்களிலிருந்து பெண் குழந்தைகளைத் தத்தெடுப்பது வழக்கம்.

தத்தெடுப்பு

1857 ஆம் ஆண்டில் அப்போதைய ராணி, பின்னாளில் மன்னரான மூலம் திருநாளைப் பெற்றெடுத்த சில நாட்களில் காலமானார். அவருக்குப் பெண் மக்கள் இல்லை. இதனால் மாவேலிக்கரை அரண்மனையிலிருந்து லட்சுமி பாயியும் அவரது தங்கை பார்வதி பாயியும் தத்தெடுக்கப்பட்டனர். லட்சுமி பாயிக்கு அப்போது வயது சுமார் ஒன்பது. பெற்றோரையும் பிறந்த ஊரையும் விட்டுத் திருவனந்தபுரத்தில் வளரத் தொடங்கிய இச்சிறுமியர் இருவர் மீதும் அரச மரபைத் தொடரச் செய்யும் கடமை சுமத்தப்பட்டது.

இவர்களது மற்றொரு சகோதரி மாவேலிக்கரையிலேயே தங்கினார். அவரை 1866 ஆம் ஆண்டில் மணந்தவர் கிளிமானூரைச் சேர்ந்த ஓவியர் ராஜா ரவி வர்மா. இவ்வுறவு பிற்காலத்தில் அரச குடும்பத்தின் போக்கையே மாற்றியது.

திருமணம்

1859 ஆம் ஆண்டில் லட்சுமி பாயிக்கும் கேரள வர்மாவுக்கும் திருமணம் நடைபெற்றது. அக்கால வழக்கப்படி இது சிறுவயதுத் திருமணமாகும். மணமகளுக்கு வயது பதினொன்று, மணமகனுக்கு பதினான்கு. கேரள வர்மா சங்கனாசேரி லட்சுமிபுரம் அரண்மனையில் பிறந்தவர். திருமணத்திற்குப் பின் அவர் திருவனந்தபுரத்தில் தங்கி வடமொழியையும் ஆங்கிலத்தையும் கற்றுத் தேர்ந்தார்.

1860 ஆம் ஆண்டில் ஆயில்யம் திருநாள் ராம வர்மா அரியணை ஏறினார். அவரது காலத்தில், திவான் டி. மாதவ ராவின் நிர்வாகத்தில், திருவிதாங்கூரில் பள்ளிக் கல்வி விரிவடைந்தது. மலையாளத்தில் பள்ளிப் பாடநூல்களை ஆக்குவதற்கென அமைக்கப்பட்ட குழுவில் கேரள வர்மா 1867 ஆம் ஆண்டு முதல் பணியாற்றி, பின்னர் அதன் தலைவரும் ஆனார். இக்காலத்தில் அவர் மன்னரின் நன்மதிப்பைப் பெற்றிருந்தார். மலையாள உரைநடை வளர்ச்சிக்கு இப்பாடநூல்கள் பெரிதும் உதவின.

கேரள வர்மாவின் கைது

ஆயில்யம் திருநாளுக்கும் அவரது தம்பி விசாகம் திருநாளுக்கும் இடையே நாளடைவில் கசப்பு வளர்ந்தது. அரண்மனையில் இருந்தோர் இரு தரப்பாகப் பிரிந்தனர். இச்சூழலில் மன்னருக்கு எதிரான சதியில் கேரள வர்மாவுக்குப் பங்குண்டு என்ற ஐயம் எழுந்தது. 1875 ஆம் ஆண்டில், ஏ. சேஷய்யா சாஸ்திரி திவானாக இருந்தபோது, மன்னரின் ஆணைப்படி கேரள வர்மா கைது செய்யப்பட்டார்.

முதலில் ஆலப்புழை அரண்மனையில் சுமார் பதினைந்து மாதங்கள் சிறை வைக்கப்பட்டார். சிறையிலிருந்தபோது மன்னரிடம் மன்னிப்பு வேண்டி க்ஷமாபண ஸஹஸ்ரம் என்னும் வடமொழிச் செய்யுள் நூலை இயற்றினார். யமனைப் போற்றும் யமப்பிரணாம சதகமும் இக்காலத்தில் எழுந்ததே. முதல் நூல் விடுதலையை நாடுவது. இரண்டாவது நூல் சாவை நோக்குவது. சிறையில் அவரது மனநிலை எவ்வாறு இருந்தது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. மன்னிப்பு வேண்டுகோள் விடுதலையைப் பெற்றுத் தரவில்லை. 1877 ஆம் ஆண்டில் அவர் தம் குடும்பத்தாரின் அரிப்பாடு அனந்தபுரம் அரண்மனைக்கு மாற்றப்பட்டு அங்கு வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

அரிப்பாட்டில் இருந்த ஆண்டுகளில் கேரள வர்மா தம் மருமகன் ஏ. ஆர். ராஜராஜ வர்மாவுக்கு ஆசிரியராக இருந்தார். இச்சிறுவரே பின்னாளில் கேரள பாணினீயம் என்னும் மலையாள இலக்கண நூலை இயற்றியவர்.

ராணியின் நிலைப்பாடு

கணவர் கைதானபோது லட்சுமி பாயிக்கு வயது இருபத்தேழு. குழந்தைகள் இல்லை. மருமக்கள் தாயக் குடும்பங்களில் மணவுறவை முறித்துக்கொள்வது கடினமானதன்று. முறித்துக்கொண்ட பெண் மறுமணம் செய்வதும் இழிவாகக் கருதப்படவில்லை. மேலும் அரச மரபு தொடர்வதற்கு ராணிகளின் மக்களே தேவைப்பட்டனர். எனவே, மன்னரின் சினத்திற்கு ஆளாகிய கணவரை விட்டு விலகி வேறொருவரை மணக்குமாறு லட்சுமி பாயி வற்புறுத்தப்பட்டார். அவர் அதற்கு இணங்கவில்லை.

இம்மறுப்பு எளிதானதன்று. மன்னரே தத்துக் குடும்பத்தின் தலைவர். ராணியின் இருப்பிடம், செலவு, பயணம் ஆகிய அனைத்தும் அவரது விருப்பத்தைச் சார்ந்திருந்தன. அரிப்பாடு திருவனந்தபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவில் உள்ளது. ஆயினும் கணவன் மனைவி இருவரும் ஒன்றுசேர முடியவில்லை. மன்னருடன் வெளிப்படையாகப் பகை கொள்ளாமலும், அதே வேளையில் தம் முடிவிலிருந்து மாறாமலும் லட்சுமி பாயி அவ்வாண்டுகளைக் கழித்தார்.

மீண்டும் ஒன்றுசேர்தல்

1880 ஆம் ஆண்டு மே மாதம் ஆயில்யம் திருநாள் காலமானார். அவரது தம்பி விசாகம் திருநாள் மன்னரானதும் கேரள வர்மா விடுவிக்கப்பட்டுத் திருவனந்தபுரம் திரும்பினார். விசாகம் திருநாளைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு அவர் விசாக விஜயம் என்னும் வடமொழிக் காவியத்தை இயற்றினார்.

1881 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பேரரசி விக்டோரியா, லட்சுமி பாயிக்கு இந்திய மகுட விருதை வழங்கினார். 1878 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட இவ்விருது பெண்களுக்கு மட்டுமே உரியது. கணவரிடம் ராணி காட்டிய உறுதியைப் பாராட்டியே இவ்விருது வழங்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. விக்டோரியாவும் அரசுரிமை மனைவியிடமும் துணைமை கணவரிடமும் அமைந்த மணவாழ்வை வாழ்ந்தவர். 1861 ஆம் ஆண்டில் கணவர் ஆல்பர்ட் இறந்த பின் இறுதிவரை கைம்மைக் கோலம் பூண்டவர். எனினும் விக்டோரியா ஆளும் அரசி. லட்சுமி பாயியோ ஆட்சியதிகாரம் இல்லாதவர். மன்னரின் ஆணைக்குக் கீழ்ப்பட்டவர்.

மயூர சந்தேசம்

விடுதலைக்குப் பின் கேரள வர்மாவின் எழுத்துப்பணி தீவிரமடைந்தது. 1882 ஆம் ஆண்டில் காளிதாசரின் அபிஞான சாகுந்தலத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்தார். இதனாலேயே அவர் கேரள காளிதாசன் எனப் பெயர் பெற்றார். அரசன் ஒருவனின் மறதியால் கணவனும் மனைவியும் பிரிந்து மீண்டும் கூடும் கதை அது.

மயூர சந்தேசம் 1894 ஆம் ஆண்டில் வெளிவந்தது. காளிதாசரின் மேகதூதத்தை முன்மாதிரியாகக் கொண்ட இக்காவியத்தில், அரிப்பாட்டில் காவலில் இருக்கும் கவிஞர், அங்குள்ள சுப்பிரமணியர் கோயிலின் மயிலைத் திருவனந்தபுரத்தில் உள்ள மனைவியிடம் தூது அனுப்புகிறார். மயில் செல்ல வேண்டிய வழியையும், வழியிலுள்ள இடங்களையும், சென்று சேரும் நகரையும் விரித்துரைத்த பின்னரே செய்தி கூறப்படுகிறது. தமிழில் தூது என்னும் சிற்றிலக்கிய வகையில் தூது விடுதற்குரியனவாகக் கூறப்படும் பத்துப் பொருள்களுள் மயிலும் ஒன்று என்பது ஒப்பு நோக்கத்தக்கது.

பொதுவாகத் தூது நூல்களில் தலைவனும் தலைவியும் கற்பனை மாந்தர்கள். மயூர சந்தேசத்திலோ தூது விடுபவரும் தூதைப் பெறுபவரும் உண்மையில் வாழ்ந்தவர்கள்; பிரிவும் உண்மையில் நிகழ்ந்தது. பிரிவு முடிந்து பல்லாண்டுகள் கழித்து, மனைவி உடனிருந்த காலத்தில் இந்நூல் வெளிவந்தது. செய்யுளின் ஒவ்வோரடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை நூல் முழுவதும் பின்பற்றப்பட்டுள்ளது. இத்தகைய எதுகை கவிதைக்கு இன்றியமையாததா என்பது குறித்துப் பின்னர் கேரள வர்மாவுக்கும், அவர் அரிப்பாட்டில் பயிற்றுவித்த ராஜராஜ வர்மாவுக்கும் இடையே எழுந்த விவாதம் மலையாள இலக்கிய வரலாற்றில் பிராசவாதம் எனப்படுகிறது.

வாரிசுச் சிக்கல்

லட்சுமி பாயி - கேரள வர்மா தம்பதியினருக்குக் குழந்தைகள் பிறக்கவில்லை. பார்வதி பாயிக்கு ஆண் மக்கள் இருந்தனர். பெண் மக்கள் இல்லை. 1890களில் பார்வதி பாயி காலமானார். அரச மரபு மீண்டும் அற்றுப்போகும் நிலை ஏற்பட்டதால், தாம் தத்தெடுக்கப்பட்டது போலவே லட்சுமி பாயியும் தத்தெடுக்க வேண்டியதாயிற்று.

அவர் தம் சகோதரியின் பேத்தியரைத் தேர்ந்தெடுத்தார். ரவி வர்மாவின் இரு மகள்களுக்குப் பிறந்த சேது லட்சுமி பாயி (பிறப்பு: 1895), சேது பார்வதி பாயி (பிறப்பு: 1896) ஆகியோரே அக்குழந்தைகள். பெண் மகவு வேண்டி இவர்களது தாயர் இராமேசுவரத்திற்குச் சென்று வழிபட்டதாகவும், அதனால் இருவர் பெயரிலும் சேது என்னும் சொல் இடம்பெற்றதாகவும் கூறப்படுகிறது. இத்தேர்வுக்கு எதிர்ப்புகள் எழுந்தன. எனினும் பிரித்தானிய அரசின் ஒப்புதலுடன் 1900 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தத்தெடுப்பு நடைபெற்றது. அப்போது மூத்த குழந்தைக்கு ஐந்து வயதும், இளைய குழந்தைக்கு நான்கு வயதும் நிறைவடையவில்லை.

மறைவு

தத்தெடுப்பு நிகழ்ந்த மறு ஆண்டே, 1901 இல், லட்சுமி பாயி காலமானார். பேரரசி விக்டோரியா மறைந்ததும் அதே ஆண்டில்தான். ஐந்து வயதுச் சிறுமி சேது லட்சுமி பாயி மூத்த ராணி ஆனார். 1906 ஆம் ஆண்டில் அவரை மணந்த ராம வர்மா, கேரள வர்மாவின் அரிப்பாடு குடும்பத்தைச் சேர்ந்தவர். முன்னர் சிறையாக இருந்த இல்லத்திலிருந்தே அடுத்த ராணியின் கணவர் வந்தார்.

மனைவியின் மறைவுக்குப் பின் கேரள வர்மா பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ராஜராஜ வர்மாவுடன் மோட்டார் காரில் பயணம் செய்துகொண்டிருந்தபோது காயங்குளம் அருகே விபத்து நேர்ந்தது. அதில் காயமடைந்த அவர் செப்டம்பர் 22 அன்று உயிர் நீத்தார்.

பின்விளைவுகள்

லட்சுமி பாயி தத்தெடுத்த இரு குழந்தைகளும் திருவிதாங்கூரின் இறுதிக்கால வரலாற்றில் முதன்மை இடம் பெற்றனர். சேது லட்சுமி பாயி 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பாளராக இருந்து நாட்டை ஆண்டார். சேது பார்வதி பாயியின் மகன் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா (பிறப்பு: 1912) திருவிதாங்கூரின் இறுதி மன்னர் ஆவார். 1936 ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று அவர் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அரசின் கோயில்களைத் திறந்துவிட்டது. அக்காலத்தில் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்து, 1956 ஆம் ஆண்டில் தமிழகத்துடன் இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் கோயில்களும் அதனால் திறக்கப்பட்டன.

அரச மரபைத் தொடரச் செய்வதற்கென்றே கொண்டுவரப்பட்டவர் லட்சுமி பாயி. அதற்காக மறுமணம் செய்துகொள்ளுமாறு கேட்டபோது அவர் மறுத்தார். இறுதியில் அம்மரபு அவர் வயிற்றில் பிறவாமல், அவர் தேர்ந்தெடுத்த குழந்தைகளின் வழியாகவே தொடர்ந்தது.