மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் படித்தவர்

இந்த மாதம் நான் எழுதுவது இந்தியாவின் எடிசன் என்று பெயர் வாங்கிய ஜி.டி.நாயுடு பற்றி.

இவர் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். முழுப்பெயர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் என்றாலே அவருக்கு ஆகாது. படிப்பு மூணாம் வகுப்போடு சரி!

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். அது இங்கிலாந்தில் கவன்ட்ரி என்ற ஊரில் செய்த ரட்ஜ் வண்டி. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானா ஓடுதே என்று ஒரே ஆச்சரியம். அதே மாதிரி வாங்கியே தீரணும்னு கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சிறுகச் சிறுகக் காசு சேர்த்து ரட்ஜ் வண்டி வாங்கிவிட்டார்.

நாமாக இருந்தால் தெருத்தெருவாக ஓட்டிக் காட்டியிருப்போம். அவர் என்ன செய்தார் தெரியுமா? பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தார். அதுதான் அவர் படித்த படிப்பு.

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டினார். அது யூ.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. சவரக் கருவி, ஜூஸ் பிழியும் மெஷின், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன் என்று நிறையச் செய்தார். 1945-ல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்க முன்னால் நின்றார். 1952-ல் இரண்டு பேர் போகிற சின்னக் கார் செய்தார். விலை 2,000 ரூபாய்தான்! ஆனால் அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. அதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்தது. 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி அவர் காலமானார்.

இவரைப் பற்றி நான் ஏன் எழுதினேன்? எங்க வாப்பா மேலப்பாளையத்தில் பைக் மெக்கானிக். நான் ஸ்பேனரைத் தொட்டாலே, பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்குன்னு உம்மா சத்தம் போடுவாங்க. அதனால் இந்தக் கட்டுரையை முதலில் உம்மாவுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். பீடி சுத்திக்கிட்டே கேட்டாங்க. ஒண்ணும் சொல்லல.

மறுநாள் வாப்பா பழைய கார்புரேட்டர் ஒன்றைத் தந்து பிரிக்கச் சொன்னாங்க. உம்மா பார்த்தாங்க, தடுக்கவில்லை. பிரித்துவிட்டேன்! திரும்ப மாட்டினால் ஒரு சின்ன ஸ்பிரிங் மிச்சம். அது எந்த இடத்துக்குரியது என்று இன்னும் தேடுகிறேன். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேரணும். அதுக்குள்ள கண்டுபிடிச்சிருவேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி