இளையோரின் ‘மாமா’

திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பாலைப் பெருங்கூட்டங்களின் நடுவிலேயே நாம் நினைக்கிறோம். 1950களில் போலந்தில் இளங்குருவாயிருந்த அவர், இளையோரைச் சிறு குழுவாகக் காடு, மலை, ஆறு என அழைத்துச் சென்றவர். குருக்கள் இவ்வாறு செய்யக் கம்யூனிச அரசு அனுமதிக்கவில்லை. எனவே அங்கியின்றிப் போனார். இளையோரும் அவரை ‘மாமா’ என்றே அழைத்தனர். யார் காதில் விழுந்தாலும் ஐயம் எழாது!

கவிழ்த்த படகே பலிபீடம். துடுப்புகளைச் சேர்த்துக் கட்டினால் சிலுவை. ஒவ்வொரு நாளும் வேறொருவர் அவரது படகில் ஏறி மனம்விட்டுப் பேசுவார். ஒலிபெருக்கியின்றி முகாம் நடத்தத் தெரியாத நமக்கு இது வியப்புதான்.

1958 கோடையில், படகுப் பயணத்தின் நடுவே வார்சாவுக்கு அழைப்பு வந்தது. துணை ஆயராக நியமிக்கப்பட்டதைக் கர்தினால் விஷின்ஸ்கி தெரிவித்தார். வயது 38. ஏற்றுக்கொண்டு, அருகிலிருந்த கன்னியர் மடத்துச் சிற்றாலயத்தில் நெடுநேரம் செபித்தார். பிறகு, இளையோர் காத்திருந்த படகுகளுக்கே திரும்பினார்.