வகுப்பறையும் அறுபத்து நான்கு கட்டங்களும்

சதுரங்கக் களத்தில் வெற்றிகளால் புகழ்பெற்றோர் பலர். தோல்வியை ஏற்ற பண்பாலும் போற்றப்பட்டோர் சிலர். அச்சிலருள் ஒருவர், ஜெர்மானியக் கணித ஆசிரியர் அடால்ஃப் ஆண்டர்சன்.

அவர் அன்றைய பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் 1818ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. ஒன்பதாம் அகவையில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். பல்கலைக்கழகத்தில் கணிதமும் மெய்யியலும் பயின்று, பிறந்த ஊரிலேயே பள்ளி ஆசிரியரானார். மணம் புரியாமல் தாயுடனும் சகோதரியுடனும் எளிமையாக வாழ்ந்தார்.

1851ஆம் ஆண்டு இலண்டனில் முதல் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டி கூட்டப்பட்டது. பயணச் செலவை எண்ணி ஆண்டர்சன் தயங்கினார். பரிசு கிட்டாவிடில் அச்செலவைத் தாமே ஏற்பதாக, போட்டியை முன்னின்று நடத்திய ஆங்கிலேய வீரர் ஸ்டான்டன் உறுதியளித்தார். பதினாறு வீரர்கள் மோதிய அப்போட்டியில், அந்த ஸ்டான்டனையும் வென்று ஆண்டர்சன் முதற்பரிசு பெற்றார்.

அந்நாள்களில் கீசெரிட்ஸ்கி என்னும் வீரருடன் அவர் பொழுதுபோக்காக ஓர் ஆட்டம் ஆடினார். ஒரு மந்திரியையும் இரு கோட்டைகளையும் இழக்கத் துணிந்தார். இறுதியில் அரசியையும் பலியிட்டார். எஞ்சிய இரு குதிரைகளையும் ஒரு மந்திரியையும் கொண்டே எதிரியின் அரசனை வீழ்த்தினார். அவ்வாட்டம் இன்றும் ‘அழியா ஆட்டம்’ எனப் போற்றப்படுகிறது.

புகழ் வந்த பின்னும் அவர் ஆசிரியப் பணியைக் கைவிடவில்லை. 1858ஆம் ஆண்டு டிசம்பரில், பள்ளி விடுமுறையைப் பயன்படுத்திப் பாரிசுக்குச் சென்று, 21 வயது அமெரிக்க இளைஞர் பால் மார்ஃபியுடன் மோதினார். ஏழு ஆட்டங்களில் தோற்று, இரண்டில் மட்டுமே வென்றார். இரண்டு சமனில் முடிந்தன. போதிய பயிற்சியின்மையைக் காரணம் காட்ட அவருக்கு வாய்ப்பிருந்தது. அவரோ மார்ஃபியின் ஆற்றலே வென்றது என மனமார ஒப்புக்கொண்டார்.

தோல்வி அவரை முடக்கவில்லை. 1862ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில் மீண்டும் முதலிடம் பெற்றார். 1866ஆம் ஆண்டு ஸ்டைனிட்ஸிடம் எட்டுக்கு ஆறு என்னும் கணக்கில் தோற்றார். ஆயினும் நான்கு ஆண்டுகளுக்குப் பின், பாடன்-பாடன் நகரில் நடந்த வலிமைமிக்க போட்டியில் அதே ஸ்டைனிட்ஸை இரண்டாம் இடத்திற்குத் தள்ளி வாகை சூடினார். அப்போது அவருக்கு வயது 52.

அவர் சதுரங்கம் கற்றதன் ஐம்பதாம் ஆண்டைச் சிறப்பிக்க, 1877ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் ஒரு போட்டி நடத்தப்பட்டது. தம் பெயரால் எடுக்கப்பட்ட அவ்விழாவில் விருந்தினராக அமராமல், தாமும் களமிறங்கி இரண்டாம் இடம் பெற்றார். 1879ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் பிரெஸ்லாவில் மறைந்தார்.

வென்றவரை வாழ்த்திவிட்டு அடுத்த ஆட்டத்திற்குக் காய்களை அடுக்கியவர் அவர். வகுப்பறைக்கு வெளியே அவர் கற்பித்த பாடம் அதுவே.