95 சென்ட் சோபா செட்: ஏஐ பிராம்ப்ட் எழுதுவோருக்கு ரிச்சர்ட் சியர்ஸ் வாழ்க்கை சொல்லும் பாடம்

ஆன்லைன் கடைக்கு புராடக்ட் டிஸ்கிரிப்ஷன் வேண்டுமா? பொருளின் பெயரைச் சொல்லி ஏஐ-யிடம் ஒரு வரி தட்டினால் போதும். பிரீமியம் தரம், அசத்தல் லுக், ஆயுள் முழுக்க உழைக்கும் என்று சில நொடிகளில் கொட்டிவிடும். படிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் பார்சலைப் பிரிக்கும்போது அதில் எழுதியது இல்லை என்றால்? ரிட்டர்ன், ரீஃபண்ட், ஒன் ஸ்டார் ரேட்டிங்.

இது ஏஐ கொண்டுவந்த பிரச்சினை இல்லை. 19-ம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் ஒருவர் இதன் இரண்டு பக்கத்தையும் வாழ்ந்து பார்த்துவிட்டார். அவர் ரிச்சர்ட் வாரன் சியர்ஸ்.

ரயில் நிலையத்தில் கிடைத்த சரக்கு

1863-ல் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர் சியர்ஸ். தந்தி அடிக்கக் கற்றுக்கொண்டு, நார்த் ரெட்வுட் என்ற சின்ன ஊரில் ரயில் நிலைய ஏஜென்ட் ஆனார். 1886-ல் அங்கே ஒரு நகைக்கடைக்காரர் தனக்கு வந்த கைக்கடிகார... இல்லை, அன்றைக்குச் சட்டைப்பையில் வைக்கும் கடிகாரங்கள்தான், அந்தப் பார்சலை வாங்க மறுத்துவிட்டார். சியர்ஸ் அதைத் தானே வாங்கி, ரயில் பாதை நெடுகிலும் இருந்த மற்ற ஏஜென்ட்டுகளுக்கு விற்றார். சில மாதங்களிலேயே நல்ல லாபம். வேலையை விட்டுவிட்டு வாட்ச் கம்பெனி தொடங்கினார். அடுத்த வருடமே சிகாகோவுக்கு மாறி, வாட்ச் ரிப்பேர் தெரிந்த ஆல்வா ரோபக்கைச் சேர்த்துக்கொண்டார். 1893-ல் அது 'சியர்ஸ், ரோபக் அண்ட் கோ' ஆனது.

தொட்டுப் பார்க்க முடியாத கஸ்டமர்

அவருடைய கடை ஒரு புத்தகம்தான். தபாலில் வரும் கேட்லாக். 1895-ல் அது 532 பக்கம்! ஷூ, அடுப்பு, சைக்கிள், இசைக்கருவி, குழந்தை வண்டி என எல்லாம் அதில் இருந்தன. பல வருடங்கள் அதன் பெரும்பாலான விளம்பர வரிகளை எழுதியவர் சியர்ஸ்தான்.

வாங்குபவர் யார் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. தூரத்துக் கிராமத்தில் இருக்கும் விவசாயி. பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. முன்பின் தெரியாத கம்பெனிக்குப் பணம் அனுப்பத் தயங்குவார். அதனால்தான் எப்படி ஆர்டர் செய்வது, துணிக்கு எப்படி அளவெடுப்பது என்றெல்லாம் கேட்லாக்கிலேயே விளக்கினார். எந்த மொழியிலும் கடிதம் எழுதலாம் என்று தைரியம் கொடுத்தார்.

இன்றைய பிராம்ப்டுக்கு முதல் பாடம் இதுதான். பருத்தி குர்தாவுக்கு டிஸ்கிரிப்ஷன் எழுது என்றால் ஏஐ எல்லோருக்கும் பொதுவாக எழுதும். தினமும் பஸ்ஸில் ஆபீஸ் போகிறவருக்கு, துணி மெலிதாகத் தெரியுமா, துவைத்தால் சாயம் போகுமா என்ற இரண்டு சந்தேகத்தைத் தீர்க்கிற மாதிரி எழுது என்று சொல்லிப் பாருங்கள். வருகிற பதிலே வேறு.

வார்த்தை பொருளைத் தாண்டியபோது

சியர்ஸின் எழுத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சோபாவும் இரண்டு நாற்காலியும் வெறும் 95 சென்ட் என்று அவர் ஒருமுறை விளம்பரம் கொடுத்த கதை இன்றும் சொல்லப்படுகிறது. பணம் அனுப்பியவர்களுக்கு வந்தது பொம்மை வீட்டில் வைக்கும் குட்டி செட். மினியேச்சர் என்ற சொல் விளம்பரத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம்.

உடல் பலவீனத்தைத் தீர்க்கும் என்று சொல்லி மின்சார பெல்ட்டைக்கூட அவருடைய கேட்லாக் விற்றது. வார்த்தை ஆர்டரைக் கொண்டுவந்தது. ஆனால் ஆர்டர் குவிந்த வேகத்துக்குப் பொருள் போய்ச் சேரவில்லை. தவறான பொருட்களும் போயின. 1895-ல் பங்குதாரராக வந்த ஜூலியஸ் ரோசன்வால்ட்தான் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினார். மிகைப்படுத்தும் விளம்பரங்களைக் குறைக்கவும் அவர் அழுத்தம் கொடுத்தார்.

ஏஐ-யும் இப்படித்தான். பிராம்ப்டில் விவரம் இல்லாத இடத்தை அது தானே நிரப்பும். நீங்கள் சொல்லாத வாட்டர்புரூஃப், இல்லாத வாரண்டி எல்லாம் உள்ளே வந்துவிடும். எனவே அளவு, எடை, மெட்டீரியல், ரிட்டர்ன் விதி ஆகியவற்றை முதலில் கொடுக்கணும். கொடுத்ததைத் தாண்டி எதையும் சேர்க்காதே, விவரம் இல்லாவிட்டால் என்னிடம் கேள் என்று கட்டளையும் போடணும். பொருளின் குறை, வரம்பு எதுவானாலும் முதல் இரண்டு வரிக்குள் வரட்டும். பொடி எழுத்து வேண்டாம். அப்புறமும், பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை சரிபார்த்த பிறகே பப்ளிஷ் பட்டனை அழுத்தணும்.

கடைசி அத்தியாயம்

1907-ல் அமெரிக்காவில் பொருளாதார நெருக்கடி. விளம்பரத்தைக் கூட்டணும் என்றார் சியர்ஸ். செலவைக் குறைக்கணும் என்றார் ரோசன்வால்ட். 1908-ல் சியர்ஸ் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1911-ல், விற்கும் பொருட்களைச் சோதிக்க நிறுவனத்துக்குள்ளேயே ஒரு ஆய்வுக்கூடம் வந்தது. 1914-ல், 50 வயதில் சியர்ஸ் காலமானார்.

அவர் தொடங்கிய பெரிய கேட்லாக் 1993 வரை வெளிவந்தது. ஆட்களை இழுக்கத் தெரிந்த எழுத்து அதைத் தொடங்கி வைத்தது. எழுதியதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை அதை அத்தனை வருடம் ஓட வைத்தது. முதலாவதை இன்று ஏஐ இலவசமாகவே எழுதித் தரும். இரண்டாவது மட்டும் கடைக்காரர் கையில்தான் இருக்கிறது.