மலையாளத் திரையின் முதல் நாயகி பி. கே. ரோசி அம்மையார்

இந்திய நாட்டில் ஊமைப்படம் தோன்றிய காலத்தில், பெண்கள் அதில் நடிக்க முன்வருவது அரிதினும் அரிதாக இருந்தது. 1913-ஆம் ஆண்டில் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’ படத்தை எடுத்தபோது, அரசியின் வேடத்தை ஏற்கப் பெண் எவரும் இசையாமையால் சாலுங்கே என்னும் ஆடவரே அவ்வேடம் தாங்கினார். உயர்குலத்தார் என்று சொல்லிக்கொண்டோர் இழிதொழில் என ஒதுக்கிய அத்துறையில், திருவிதாங்கூரில் துணிந்து அடியெடுத்து வைத்தவர் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஓர் ஏழைப் பெண். அவரே பி. கே. ரோசி அம்மையார்.

அம்மையார் 1903-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தை அடுத்த நந்தன்கோட்டில் புலையர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ராஜம்மா. இளமையிலேயே தந்தையை இழந்து, புல்லறுத்து விற்றும் கூலி வேலை செய்தும் வயிறு வளர்க்க வேண்டியவரானார். எனினும், கலையார்வம் அவரை விட்டு நீங்கவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து பேசி நடிக்கும் தென் திருவிதாங்கூர் நாட்டுக்கூத்தான காக்காரிசி நாடகத்தைப் பயின்று மேடையேறினார். பெண் வேடத்தையும் ஆடவரே கட்டிவந்த அக்கூத்தில் ஒரு பெண்ணே தோன்றி நடித்தது புதுமையாகும்.

அந்நாளில் அகத்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் என்னும் இளைஞர், தம் நிலத்தை விற்றுப் பணம் திரட்டித் திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாள நாட்டின் முதல் திரைப்படமாகும். திருவிதாங்கூரிலிருந்து கடத்தப்பட்டு இலங்கைத் தோட்டத்தில் கூலியாக வளரும் ஒரு சிறுவனின் கதை அது. பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை நிலைக்காமற்போகவே, டேனியல் ரோசியைத் தேர்ந்தார். கதையில் சரோஜினி என்னும் நாயர் குலப் பெண்ணின் வேடம் அவருக்குக் கிடைத்தது. நாயகனாக டேனியலே நடித்தார்.

படம் தலைநகரின் காப்பிடல் கொட்டகையில் திரையிடப்பட்டது. 1928 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்த அவ்வாண்டைப் பிற்கால ஆராய்ச்சி 1930 எனத் திருத்தியது. ஊரின் பெருமக்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, நாயகிக்கு மட்டும் அவ்வரங்கில் இடமில்லை. புலையர் வீட்டுப் பெண் நாயர் மங்கையாகத் தோன்றியதும், நாயகன் அவள் கூந்தல் மலரை முத்தமிடும் காட்சி வந்ததும், சாதி வெறியர் கூச்சலிட்டுத் திரைமீது கல்லெறிந்தனர். கலவரம் கொட்டகையோடு நிற்கவில்லை. அம்மையாரின் குடிசைக்கும் தீ வைத்தனர்.

இது ஒரு படத்தின்மேல் எழுந்த சினம் மட்டுமன்று. அதே திருவிதாங்கூரில் பெருந்தலைவர் அய்யன்காளி பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அப்பள்ளியும் தீக்கிரையாயிற்று. பலகையில் அமர்ந்து எழுத்துக் கற்பதும், திரையில் தோன்றி வேடம் தாங்குவதும், பிறர் வகுத்த எல்லையைத் தாண்டும் செயல்களாகவே அவர்களுக்குத் தோன்றின. ஆலயக் கதவுகள் திறக்க 1936-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்த நாடு அது.

உயிர் தப்பிய அம்மையார், தமிழகம் நோக்கிச் சென்ற லாரியொன்றில் ஏறி நாஞ்சில் நாட்டை அடைந்தார். அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் குடும்பம் நடத்தினார். தம் குலத்தையும் கலையையும் ஒருங்கே மறைத்து வாழ்ந்தார். மீண்டும் அவர் நடிக்கவே இல்லை. 1988-ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, ஒரு நாட்டின் முதல் திரைநாயகி மறைந்தார் என்று எவரும் எழுதவில்லை.

டேனியலும் பொருளிழந்து, பல் மருத்துவராகக் காலங்கழித்து, 1975-இல் மறைந்தார். படச்சுருளோ அவருடைய இளைய மகனின் சிறுபிள்ளை விளையாட்டில் எரிந்து போயிற்று. பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனின் விடாமுயற்சியால் டேனியலின் புகழ் நிலைபெற்றது. 1992-இல் கேரள அரசு அவர் பெயரால் விருது நிறுவியது. ரோசியின் பெயர் வெளிவர மேலும் காலம் பிடித்தது. குன்னுக்குழி மணி அவர் வாழ்க்கையைத் தேடி எழுதினார். 2013-இல் வந்த ‘செல்லுலாய்டு’ படம் அதனை மக்கள் அறியச் செய்தது. 2019-இல் கேரளத் திரைப்பெண்கள் அவர் பெயரால் திரைப்படக் கழகம் அமைத்தனர்.

எண்ணிப் பார்ப்போமாக. டேனியலை ஒரு தலைமுறைக்குள் மீட்டது எழுத்து. ரோசியை அத்தனை காலம் மறைத்துவைத்தது எழுத்தின்மை. குடிசையை எரித்தவர் கையில் தீ இருந்தது. நடந்ததைப் பதிந்து வைக்க நம்மவர் கையில் அன்று எழுதுகோல் இல்லை. அது இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. தேர்வில் வெல்வதும் பணியில் அமர்வதும் நன்றே. அவற்றோடு, தம் பாட்டியரும் பாட்டனாரும் எங்கிருந்து வந்தனர், எதற்காக ஊர் விட்டனர், எப்பெயரை மறைத்தனர் என்று கேட்டு எழுதி வைப்பதும் கல்வியின் கடமையாகும். அவ்வாறு எழுதப்படும் ஒவ்வொரு பக்கமும், பெயரை மாற்றிக்கொண்டு வாழ நேர்ந்த அந்தக் கலைச்செல்விக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாக அமையும்.